பீடமும் பாடமே

நமது மன்றத்தில் புத்தர் பெருமானின் சிலையை நிறுவ முற்பட்டபோது, பீடத்தில் எவர் பெயரைப் பொறிப்பது என்னும் வழக்கு எழுந்தது. பொருள் அளித்தோர் சிலர், மரம் அளித்தோர் சிலர், உழைத்தோர் பலர். ஒரு பெயரால் நமது ஒற்றுமை குலைந்திடுமோ என அஞ்சினோம். அவ்வேளை நமக்கு வழி காட்டியது சாரநாத் சிலையேயாகும்.

காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் 1904-05இல் நடந்த அகழ்வில் கிடைத்த அச்சிலை, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் சுனார் மணற்கல்லில் செதுக்கப்பட்டது. காண்போர் பெருமானின் திருமுகத்தையே நோக்குவர்; பீடத்தை நோக்குவோர் சிலரே. அங்கோ நடுவில் அறவாழி, அதனருகே மான்கள், முதல் அறவுரையைக் கேட்ட ஐவர். அவர்களோடு ஒரு பெண்ணும் குழந்தையும் உளர். சிலையை அளித்தவர் அப்பெண்ணாதல் கூடும் என்பர் அறிஞர். அங்ஙனமாயின், கொடுத்தவரும் கேட்போருள் ஒருவராகவே அமர்ந்தனர். பீடம் கொடையாளரின் பெருமைக்கு உரிய இடமன்று. அறம் கேட்போருக்கு உரிய இடம்.

இனி, பீடம் அமைக்கும் முறை யாது?

முதலாவது, அளவு. சிலையின் அடியைவிடப் பீடம் நாற்புறமும் அகன்றிருத்தல் வேண்டும். தரையில் அமர்ந்து கேட்போர் கழுத்து நோவாமல் திருமுகத்தைக் காணும் உயரமே போதும். அவர் கடவுளல்லர், ஆசான். எட்டா உயரம் எதற்கு?

இரண்டாவது, உறுதி. நன்கு உலர்ந்த தேக்கை இழைத்து, ஆணியை நம்பாமல், ஒரு சட்டத்தின் முனையை மற்றொன்றின் துளையில் இறுகப் பொருத்துக. மட்டம் பார்த்தல் இன்றியமையாதது. அடித்தளம் மட்டம் தவறிய இயந்திரத்தில் நூல் அறுவதை ஆலையில் நாம் பலகாலும் கண்டுள்ளோம்.

மூன்றாவது, செதுக்கல். பூவேலை மிகுதியாக வேண்டா. எண்வகை நெறியைக் குறிக்கும் எட்டு ஆரச் சக்கரம் ஒன்றே போதும். அதனைக் காட்டிக் குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாய்க் கற்பிக்கலாம்.

நமது பீடத்தில் எவர் பெயரும் இல்லை. பீடத்தை அணுகவும் ஒரு காலத்தில் விலக்கப்பட்டவர் நம் முன்னோர். இன்று நம் கைகளே அதனை இழைத்தன. அவ்வுளித் தடங்களை விடச் சிறந்த கல்வெட்டு நமக்கு வேறு எதற்கு?