குளிரைச் சேமிக்கும் குழம்பு

நெல்லைக் குதிரிலும் நீரை ஏரியிலும் சேமித்து வைத்தல் யாவரும் அறிந்ததே. குளிரையும் அங்ஙனம் சேமித்தல் கூடுமோவெனின், கூடுமென்பர் பௌதிக நூலார். அதன் இயல்பை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பனிக்கட்டி உருகுங்கால் வெப்பத்தை உட்கொள்ளும். ஆயினும், முற்றும் உருகுமளவும் அதன் வெப்பநிலை உயர்வதில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆசிரியராயிருந்த ஜோசப் பிளாக் என்பார் இவ்வுண்மையை 1761-62 ஆம் ஆண்டுகளில் சோதனையால் நிறுவினர். புறத்தே தோன்றாது உள்ளே உறைதலின் அது உள்ளுறை வெப்பம் எனப்படும். செய்யுளில் உள்ளுறை உவமம் பயின்றார்க்கு இப்பெயரின் பொருத்தம் இனிது விளங்கும்.

பெருங் கட்டிடங்களைக் குளிர்விக்கச் சென்டிகிரேட் 7 பாகை அளவிற் குளிர்ந்த நீரைக் குழாய்களிற் செலுத்துவர். அது 12 பாகையளவிற் திரும்பும். ஆகவே ஒரு கிராம் நீர் 5 கலோரியே சுமக்கும். ஒரு கிராம் பனிக்கட்டியோ உருகுங்கால் 80 கலோரி கொள்ளும். ஆயின், கட்டி குழாயில் ஓடாது. அன்றியும், குளிர்க்குழாயின்மேற் படியப் படிய அதுவே வெப்பம் செல்லுதற்குத் தடையாகும். இவ்விடர் நீங்க, உப்போ ஆல்கஹாலோ கலந்த நீரில் நுண்ணிய பனித்துகள்கள் விரவிய குழம்பை ஆக்குவர். நூற்றுக்கு இருபது பங்கு பனித்துகளுடைய குழம்பு, உருகுதலால் மட்டுமே கிராமுக்கு ஏறத்தாழ 16 கலோரி கொள்ளும். பம்பினாற் செலுத்தவும் இசையும்.

அற்றேல், இதனால் மின்சாரம் மிச்சமாகுமோவெனின், ஆகுமென ஒருதலையாகத் துணிதல் கூடாது. இரவில் குழம்பை ஆக்கிப் பகலிற் பயன்படுத்தின், பகலின் மின்சுமை இரவிற்கு மாறும். இயந்திரமும் சிறியதே போதும். எனினும், 7 பாகைக்கு நீரைக் குளிர்வித்தலினும், 0 பாகைக்குக் கீழே இறக்குதற்கு இயந்திரம் மிகுதியும் உழைத்தல் வேண்டும்.

ஆதலின் அறிஞர் வேறொரு பொருளை நாடினர். டெட்ரா பியூட்டைல் அம்மோனியம் புரோமைடு என்னும் உப்பை நீரிற் கரைத்துக் குளிர்விப்பின், நீரின் மூலக்கூறுகள் அதனைக் கூடுபோற் சூழ்ந்து, கரைசலின் செறிவிற்கேற்ப 5 முதல் 12 பாகைக்குள் படிகமாகும். அதன் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 46 கலோரி அளவினது. பனிக்கட்டியினதினும் இது குறைவே. ஆயினும், குளிரூட்டற்கு வேண்டும் நிலையிலேயே உறைந்து உருகுதல் இதன் சிறப்பு. ஜப்பானில் ஜே.எப்.ஈ. தொழிலகத்தார் இதனைக் கட்டிடங்களிற் பயன்படுத்தினர். இதற்கும் குறையுண்டு. உறையவேண்டிய நிலை வந்தும் உறையாது மேலுங் குளிர்தல் ஒன்று. படிகம் மிகின் குழம்பு தடித்துப் பம்பின் உழைப்பைப் பெருக்குதல் மற்றொன்று.

எனவே, குளிரை எத்துணைச் சேமித்தோம் என்பதனோடு, எந்நிலையிற் சேமித்தோம் என்பதும் ஆராயற்பாலது. அளவிற் பெரியதினும் தேவைக்கு இயைந்ததே ஈண்டுப் பயன் மிகுவதென்க.