தெற்கு ஜன்னல் பார்த்து அறை பிடி

ஹவுரா

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. டிசம்பர் முதல் தேதி இங்கே வேலையில் சேரப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். ஸ்வெட்டர் வாங்கு, மப்ளர் வாங்கு என்று ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது இருட்டைப் பற்றி.

அன்றைக்கு நாகர்கோவிலில் ஆறு மணிவாக்கில் பொழுது அடையும். ஹவுராவில் 4.50-க்கே அடைந்துவிடும். வேலை முடிந்து நீ வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் இதில்தான் துவண்டுபோய், காரணம் தெரியாமல் ஊரையே வெறுக்கிறார்கள். நீ தெரிந்துகொண்டு வா.

அந்த 70 நிமிடத்தில் இரண்டு கணக்கு கலந்திருக்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுவதால்தான் இரவும் பகலும். ஒரு பாகை சுற்ற 4 நிமிடம். ஹவுரா நமக்கு ஏறக்குறைய 11 பாகை கிழக்கே இருப்பதால், 44 நிமிடம் முந்தியே இங்கே உச்சிவெயில் வந்துவிடும். ஆனால் கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து 1906-இல் வந்த இந்திய நேரம் அது. பக்கத்திலிருக்கும் கல்கத்தாவோ 1948 வரை தன் சொந்த நேரத்தை விடவில்லை. பிடிவாதம் என்று சிரிக்கலாம். வானத்தைப் பார்த்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

மீதிக்குக் காரணம் பூமியின் சாய்வு. 23.4 பாகை சாய்ந்த அச்சு, சாய்ந்த திசை மாறாமல் சூரியனைச் சுற்றிவருகிறது. டிசம்பரில் வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருப்பதால், வடக்கே போகப்போகப் பகல் குறுகும். நாகர்கோவில் இருப்பது 8 பாகையில், ஹவுரா 22.6-இல். இங்கே ஜூனில் பகல் பதின்மூன்றரை மணி நேரம், டிசம்பரில் பத்தே முக்கால். நம்ம ஊரில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், யார் கவனிக்கிறார்கள்? சூரியன் தூரமாகப் போவதால்தான் குளிர்காலம் என்று எவனாவது சொன்னால் தலையாட்டாதே. ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது.

இனி காரியத்துக்கு வருகிறேன், மக்கா. காய்கறி, வங்கி வேலையெல்லாம் காலையிலேயே முடி. இருட்டிவிட்டதே என்று ஏழு மணிக்குப் படுத்துவிடாதே. ஊர் அப்போதுதான் கடைவீதிக்குக் கிளம்பும். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், கிழக்கு ஜன்னல் இருந்தால் தூக்கம் போச்சு. தெற்கு ஜன்னல் உள்ள அறையாகப் பார். டிசம்பர் மதியத்தில் சூரியன் தெற்கே 44 பாகை உயரத்தில்தான் நிற்கும், வெயில் அறைக்குள் நன்றாக விழும். ஜூனில் அதே சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் அந்த ஜன்னலில் வெயிலே இராது. கோடையில் கடற்காற்றும் தெற்கிலிருந்துதான். இங்கத்திய வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும், அதனால் வாடகை கொஞ்சம் கூடச் சொல்வார்கள். கொடுக்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் போடு. நான் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா