கீழூர்: வாக்குச் சொன்ன தீர்ப்பு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இரு ஆட்சிப்பகுதிகளின் ஊர்கள் மாறிமாறி வருகின்றன. மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. அடுத்துள்ள கண்டமங்கலம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அரியூர் மீண்டும் புதுச்சேரிக்குரியது. பிரெஞ்சியர் ஆண்ட காலத்தில் இவ்வெல்லைகள் உற்றார் உறவினரையும் இரு அரசுகளின்கீழ் வைத்திருந்தன.

வில்லியனூருக்கு அருகே, பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த சிற்றூர் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்குக் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேர் வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் இணைப்புச் சட்டப்படி நிறைவுற்றது. வாக்கெடுப்பு நடந்த இடம் இன்று நினைவிடமாகத் திகழ்கிறது.

கீழூரைக் காணச் செல்வோர் வழியில் திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலில், சோழர் காலக் கல்லூரி ஒன்றைக் குறிக்கும் கல்வெட்டைக் காணலாம். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தை அன்று பிரெஞ்சு ஆளுநர் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். திண்டிவனத்திலிருந்து வருவோர் திருவக்கரைக் கல்மரப் பூங்காவையும் கண்டு வரலாம்.

ஆட்சி மாற்றத்திற்குப் படையெடுப்பே வழி என்பதைக் கீழூர் பொய்யாக்கியது. எதிர்த்த 8 வாக்குகளும் எண்ணப்பட்டு வரலாற்றில் பதிவாயின. அந்த நேர்மையே மற்ற 170 வாக்குகளுக்கு வலிமை தருகிறது.