டீசல் பில்டர் வாங்கப் போகுமுன்

கும்பப்பூ நெல் நடவு நேரத்தில், கடைமடை வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் திணறித் திணறி நின்றால் முதலில் டீசல் பில்டரைப் பாருங்கள். கிர்லோஸ்கர் ஏவி-1 போன்ற 5 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் தகட்டிலுள்ள மாடலையும் நம்பரையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தகடு தேய்ந்துவிட்டதா? கழற்றிய பில்டரையே துடைத்துக் கவரில் போட்டு நாகர்கோவில் கடைக்குக் கொண்டுபோங்கள். உயரம், வெளிவிட்டம், நடுத்துளை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். துளை கொஞ்சம் பெரிதானாலும் டீசல் வடிகட்டாமலே ஓரமாக நழுவிப் பம்புக்குள் போய்விடும். ரப்பர் வாஷரும் சேர்த்து வாங்குங்கள். காகிதப் பில்டரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டவே வேண்டாம். அழுக்கு உள்ளே போய் நாசில் கெட்டால் செலவு பல மடங்கு. புதிய பில்டரை மாட்டியபின் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழியில்லாமல் டீசல் வந்ததும் முறுக்குங்கள்.