கட்டிவைத்த பை அவிசுவாசமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில். 2023 டிசம்பரில் அமோனியா கசிந்த ராத்திரி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வாசலருகே வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். கசிவுக்குக் காரணமான ஆலையைத் திறக்கக் கூடாதென்று நடந்த போராட்டத்தில் என் வீட்டுக்காரரும் போய் உட்கார்ந்தார். "கர்த்தரை முழுசா நம்புறவங்களுக்குப் பை எதுக்கு, போராட்டம் எதுக்கு?" என்று ஜெபக்குழுவில் கேட்கிறார்கள். என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

— ஒரு சகோதரி, எண்ணூர்

பதில்: இல்லை, சகோதரி. குறையவில்லை.

அந்தக் கசிவு டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி நடந்தது. சுனாமி வந்து 19 வருடம் நிறைந்த நாள் அது. அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்து வலையையும் படகையும் நாசமாக்கியது. இத்தனையும் பட்ட ஊரில் ஒரு தாய் பையைக் கட்டி வைக்கிறாள் என்றால் அது பிள்ளைகளைக் காக்கிற புத்தி.

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கடலோடிக் குடும்பத்துக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் போகாது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகும் ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம், கொஞ்சம் தள்ளி 15 பாகம். பாறையில் மோதிவிடுமென்று பின்பக்கம் 4 நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் சின்னப் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தது பவுல்தான். வாக்குத்தத்தம் பெற்றவரே தொழில் தெரிந்தவனின் கை வேண்டும் என்கிறார். அவர் நம்பிக்கை எங்கே தெரிந்தது? 14 நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள் நடுவே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, தானும் சாப்பிட்டு மற்றவர்களையும் சாப்பிட வைத்தாரே, அங்கே.

போராட்டத்தைப் பற்றியும் அங்கேயே பதில் இருக்கிறது. பவுல் அந்தக் கப்பலில் ஏறியதே இராயனிடம் அப்பீல் செய்ததால்தான். அதற்கு முன்பு எருசலேமில், ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கலாமா என்று கேட்டவர் அவர். உங்கள் வீட்டுக்காரர் கேட்டதும் அதுபோல் நியாயம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழுசாக நம்பினால் தீங்கே வராது என்பது வேதம் காட்டும் பாடம் இல்லை. அதே நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு வாளால் வெட்டப்படுகிறார், பேதுரு சிறையிலிருந்து தப்புகிறார். யாக்கோபின் விசுவாசம் மட்டம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? எது நடந்தாலும் கர்த்தர் கைவிடமாட்டார் என்று அவர்மேல் சாய்ந்துகொள்வதுதான் நம்பிக்கை.

பையைக் கட்டியான பின் ஜெபித்துவிட்டுப் படுங்கள். அதன் பிறகும் தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்தால் அதைப் பாவக் கணக்கில் எழுதாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். பையில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து வையுங்கள். அமோனியா வாடை வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும்.

ஜெபக்குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அன்று ராத்திரி ஓடிய சனங்களை அவிசுவாசிகள் என்று பேசாதீர்கள். அடுத்த கூட்டத்தில் குப்பத்து வயதானவர்களை யார் யார் கைப்பிடித்துக் கூட்டிப்போவது என்று பேசி முடிவு செய்யுங்கள்.