கேட் நடப் போகும் தம்பிக்கு: கிராலர் போட்டி டிப்ஸ்

தம்பி, நண்பர்களைச் சேர்த்து ரிமோட் கிராலர் போட்டி நடத்தக் கிளம்பிவிட்டாய். இனி வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, குச்சியையும் மார்க் ஷீட்டையும் கையில் எடு. பாறை ஏறும் இந்த விளையாட்டில் வேகம் பெரிதில்லை, குறைந்த புள்ளி வாங்கியவருக்குத்தான் வெற்றி. யார் ஜெயிப்பார் என்பதில் கேட் நட்டவருக்கும், அதாவது வண்டி புகுந்து போக வேண்டிய குச்சி ஜோடிகளை நட்டவருக்கும், பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

முதலில் 1, 10 என்ற இரண்டு எண்களை மனதில் வை. ரிவர்ஸ் எடுத்தால் 1 தண்டப் புள்ளி, கேட் குச்சியை இடித்தால் 10. அமெரிக்காவில் நிஜ ஜீப்புகள் பாறை ஏறும் போட்டிகளில் வழங்கும் கணக்கு இது. சின்ன வண்டிக்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டின் உயிரே இந்த இடைவெளிதான். பின் டயர் குச்சியை நெருங்கும்போது, 1 கொடுத்துப் பின்னால் வருவதா, துணிந்து போய் 10 வாங்குவதா என்று டிரைவர் யோசிக்க வேண்டும். ரிவர்ஸுக்கு 5 வைத்துப் பார், பாதிப் பேர் பின்வாங்கவே மாட்டார்கள், யோசனைக்கும் வேலை இருக்காது.

அடுத்து, தண்டத்தை மட்டும் எண்ணினால் ஒரு ஓட்டை விழும். தொடக்கக் கோட்டிலேயே நின்றவருக்குப் பூஜ்யம், முழுக் கோர்ஸையும் ஏறி இரண்டு குச்சியை இடித்தவருக்கு 20. நின்றவர் ஜெயித்துவிடுவார்! ஆகவே தாண்டும் ஒவ்வொரு கேட்டுக்கும் 2 கழித்துக்கொடு. அதுவும் போதாது. பத்து கேட்டையும் தாண்டி இரண்டு குச்சியை இடித்தவருக்கு 20 கழிந்து 20 ஏறி மறுபடி பூஜ்யம்தான் வரும். முடிக்காதவருக்கு 40 என்று வைத்து, அதிலிருந்து தாண்டிய கேட்டுகளுக்கு மட்டும் கழி. யார் தண்டம் 40-ஐத் தொட்டாலும் அங்கேயே ஓட்டத்தை நிறுத்து. இப்போது முடித்தவர் எப்போதும் முன்னால் இருப்பார், பாதி வழியில் நின்றவர்களுக்குள்ளும் தரவரிசை கிடைக்கும்.

இனி பாறை. குறுகலான கேட்தான் கஷ்டமான கேட் என்று புதிதாக நடுபவர்கள் நினைப்பார்கள். அது வெறும் எரிச்சல். கேட்டை அகலமாக நடு, நடும் இடத்தைத் தந்திரமாகத் தேர்ந்தெடு. முன் டயர் போன தடத்தில் பின் டயர் வராது, திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உள்குச்சியை அந்த இடத்தில் நட்டால், முன்னால் சுத்தமாகப் போனவர்கூடப் பின்னால் மாட்டுவார். சரிவான பக்கப்பாறையில் வண்டி கீழ்ப்பக்கமாக நழுவும். கீழ்க்குச்சியைச் சரிவு முடியும் இடத்தில் வை, டிரைவர் முன்கூட்டியே மேலேறி வர வேண்டியிருக்கும். கேட்டுக்கு முன்னால் இரண்டு பாதையாவது இருக்கட்டும்: ஒன்று குட்டையான, ஆபத்தான ஏற்றம், இன்னொன்று சுற்றிப்போகும் வழி. ஒரே பாதை உள்ள கேட்டில் வண்டியின் விலைதான் ஜெயிக்கும்.

எந்த வண்டிக்கு நடுகிறாய் என்பதையும் பார். 1.9, 2.2 என்ற வகுப்புகள் சக்கரத்தின் ரிம் அளவை, அங்குலத்தில், குறிக்கின்றன. ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 போன்ற 1.9 வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 12.3 அங்குலம், டிராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்-4-இல் 12.8. 2.2 போட்டி வண்டிகள் பலவற்றில் பின் அச்சைப் பூட்டி, முன் சக்கரத்தால் இழுத்து நின்ற இடத்திலேயே திரும்பும் 'டிக்' வசதி உண்டு. அதற்கு நட்ட செங்கோணத் திருப்பத்தில் டிக் இல்லாத 1.9 வண்டியை இறக்கினால் பாவம், ரிவர்ஸிலேயே நேரம் போய்விடும்.

முதல் மூன்று கேட்டைச் சுலபமாக வை. புதியவரும் நாலு புள்ளியாவது குறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், அப்போதுதான் அடுத்த முறை வருவார். ஆடும் கல்லை முன்பே எடுத்துவிடு, அல்லது அசையாமல் முட்டுக்கொடு. மூன்றாவது ஆள் ஏறும்போது கல் புரண்டால் பாறையே மாறிவிடும், முதல் இரண்டு பேரின் கணக்குக்கு அர்த்தமிருக்காது. காலையில் பனி ஈரமாக இருந்த கல் மதியம் காய்ந்து நன்றாகப் பிடிக்கும். பின்னால் ஓட்டுபவர் முன்னால் போனவரின் பாதையைப் பார்த்தும் கற்றுக்கொள்வார். அதனால் இரண்டாவது கோர்ஸில் வரிசையைத் தலைகீழாக்கு.

நேர வரம்பை ஊகித்து வைக்காதே. நீயே நிதானமாக ஓட்டிப் பார், ஆன நேரத்தின் இருமடங்கைக் கொடு. ஆனால் கேட் நட்டவர் அந்தக் கோர்ஸில் போட்டியிடக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதே.

சண்டை வருவதெல்லாம் எழுதாத விதியில்தான். கேட் எப்போது தாண்டியதாகும்? பின் டயர் இரண்டும் குச்சிகளைக் கடந்தபிறகு என்று எழுது. தாண்டியபின் அதே குச்சியை இடித்தால் தண்டம் உண்டா? உருண்ட வண்டி தானாக நிமிர்ந்தால் என்ன, கையால் தூக்கினால் என்ன? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, முதல் வண்டி பாறையைத் தொடும் முன் எல்லார் கையிலும் கொடுத்துவிடு, தம்பி.