வடக்கு வாசலுக்கு ஏன் பூட்டு?

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்துமஸுக்குள் கோயிலைச் சுற்றி கேமரா, வாசலில் மெட்டல் டிடெக்டர் என்று பெரிய பட்டியலே போட்டு அனுப்பியிருக்கிறாய். கமிட்டிக்குப் போன முதல் வருஷமே செலவுக்கு வழி பார்த்துவிட்டாயே! கேமரா வேண்டாமென்று சொல்லவில்லை. காணிக்கைப் பெட்டியை உடைத்தவன் யாரென்று மறுநாள் காட்டும். உடைக்கும்போது கையைப் பிடிக்காது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர். இலங்கையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குப் பெரிய பையோடு வந்த புதியவனை, சபையார் ஒருவர் வெளியிலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுத்தார். ஆராதனையைப் படமெடுக்க வந்ததாகச் சொன்னான். அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி இவர் உள்ளே விடவில்லை. அவன் வெளியிலேயே வெடித்தான். தடுத்தவரும் போனார், குழந்தைகள் பலர் போனார்கள். ஆனால் அவன் உள்ளே போயிருந்தால்? அங்கே நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். குண்டுவெடிப்பு நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கை அந்நாட்டு அதிகாரிகளுக்கு ஏப்ரல் 4-ஆம் தேதியே கிடைத்திருந்தது. சபைகளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அதனால் பண்டிகைக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நீயே ஒரு நடை போய்விட்டு வா.

'ஆண்டவர் வீட்டுக்கு வருகிறவனைச் சந்தேகப்படலாமா?' என்பாய். சந்தேகப்படச் சொன்னேனா? "வாங்க, எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்க நம்மூர்க்காரனுக்குச் சொல்லியா தரணும்? முகம் தெரிந்த பெரியவர் ஒருவரையும் ஒரு அக்காவையும் வாசலில் நிறுத்து. போனைக் குனிந்து பார்த்தபடி நிற்கும் வாலிபர் சங்கத்துப் பையன் வேண்டாம்.

இனி நான் திட்டவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வாரத்தில் ஆறு நாள் நீ பட்டாசு ஆலை போர்மேன். மருந்து ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும், உள்ளே ஆள் இருக்கையில் தாழ்ப்பாள் கூடாது, வழியில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தாலும் குதிப்பாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ன வருகிறது உனக்கு? செருப்பு திருட்டுப் போகிறது என்று வடக்கு வாசலைப் பூட்டி, சாவியை உபதேசியாரிடம் கொடுத்துவிடுகிறாய். அவரோ முன்வரிசையில். திறந்திருக்கும் ஒரே வாசலிலும் பிளாஸ்டிக் நாற்காலி. பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் வைக்கோல் குடில், அதில் சீரியல் செட், அது போதாதென்று மெழுகுவர்த்தி! கும்பகோணத்தில் 2004-இல் பள்ளியில் 94 பிள்ளைகள் செத்தது கீற்றுக் கூரையில் பிடித்த தீயாலும், இறங்கிவர வழி ஒடுக்கமாக இருந்ததாலும்தான்.

ஸ்டார் கட்ட ஏறும் பையன்களையும் பார்த்துக்கொள். 2025 மார்ச்சில், குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், கோயில் திருவிழா வேலையாக இரும்பு ஏணியை நகர்த்திய 4 பேர் மேலே போன மின்கம்பியில் ஏணி பட்டுச் செத்தார்கள். ஒயர்மேன் வந்து நிற்காமல் ஏணியைத் தொடவிடாதே.

ஏதாவது நடந்துவிட்டால் கூட்டம் எங்கே போகணும் என்பதையும் முன்கூட்டியே முடிவு பண்ணு. 2012-இல் நம்ம முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது செத்தவர்களில் பலர் ஆலை ஆட்களே இல்லை. காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள். உனக்குத் தெரியாததா? ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை யார் கூட்டிப்போவது, 108-க்கு யார் போன் போடுவது என்று பேர் சொல்லி எழுதி ஒட்டு. 'எல்லாரும் பார்த்துக்குவாங்க' என்றால் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள்.

கேமராக்காரன் கொட்டேஷனை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். அசனத்துக்கு வருகிறேன். சோறு இருக்கட்டும், அடுப்புக்கும் பந்தலுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறாய் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அண்ணன்